நோயோடு ஒரு நல்வாழ்வு

(பொன் விழாவை முன்னிட்டு லூர்து அன்னையின் திருநாளில் நடைபெற்ற நோயாளிகள் தினத்தன்று பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன் விழா நிகழ்ச்சிகளில் ஒரு நாளை நோயாளிகளுக்கென்றே ஒதுக்க வேண்டும் என்று நம் பங்குப் பேரவை முடிவு செய்தது. அதற்குப் பிப்ரவரி 11ஆம் நாளைத் தேர்ந்தெடுத்ததும் பொருத்தமே. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் மனிதத் துன்பத்தின் பொருளைப் பற்றி 1984ஆம் ஆண்டு ஒரு திருமடல் எழுதினார். அதில் அவர் இட்ட தேதி இந்த பிப்ரவரி 11தான். பின்னர் இதே நாளை உலக நோயாளர் தினமாக அவர் அறிவித்தார். 1993 முதல் திருச்சபை எங்கும் அது கொண்டாடப்பட்டு வருகிறது.

"அன்றைக்கு ஒரு டாக்டரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லலாம் சாமி" என்றார் நம் செயலாளர். "வேண்டாம், நானே பேசுகிறேன்" என்றேன். சாமி பேசினால் பிரசங்கம் நீண்டு போகுமே என்று அவர் கவலைப்பட்டதை முகத்திலேயே கண்டேன். ஆனாலும் இதை நானே பேச வேண்டிய காரணம் ஒன்று உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் புற்றுநோய் இருக்கிறது.

தயவுசெய்து யாரும் கலங்க வேண்டாம். அம்மா, அழாதீர்கள். முழுவதும் கேளுங்கள்.

2021ஆம் ஆண்டு குடல் இறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொள்ளப் போனேன். அதற்கு முன் வழக்கமாக எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் 22 ஆயிரம் என்று வந்தது. சாதாரணமாக அது 4 ஆயிரத்திலிருந்து 11 ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும். கிருமி ஏதாவது இருக்கும் என்று நினைத்தோம். மருந்து சாப்பிட்டு மறுபடி பார்த்தபோதும் குறையவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இன்னும் நுட்பமான சோதனைகள் செய்த பிறகு அந்த டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். கிரானிக் லிம்ஃபோசைட்டிக் லுக்கீமியா. நிணநீர் அணுக்களில் வரும் ஒருவகை இரத்தப் புற்றுநோய், மெதுவாக வளர்வது. வழக்கமாக ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கே வருகிறது. மேல்நாடுகளில் அதிகம், நம் நாட்டில் குறைவு.

"எப்போது சிகிச்சை தொடங்குவது டாக்டர்?" என்று கேட்டேன். "இப்போது ஒன்றும் வேண்டாம் ஃபாதர். மூன்று மாதம் கழித்து வாருங்கள், பார்ப்போம்" என்றார்.

நோயின் பெயரைக் கேட்டபோது கூட எனக்கு அவ்வளவு அதிர்ச்சி இல்லை. இந்த ஒரு வாக்கியம்தான் என்னை அடித்துப் போட்டது. புற்று என்கிறார், மருந்து இல்லை என்கிறாரே! ஒன்று, காலம் கடந்துவிட்டது என்று கைவிட்டிருக்க வேண்டும். அல்லது இவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பஸ்ஸில் ஊர் திரும்பும் வரை இதே எண்ணம்தான்.

இப்பொழுது எனக்குத் தெரியும், அவர் சொன்னது சரியென்று. இந்நோயில் எந்த நிலையில் இருக்கிறோம் என்று கணிக்கும் முறையை, இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய டாக்டர் காந்தி ராய் என்பவரும் அவருடைய சகாக்களும் 1975ஆம் ஆண்டு வகுத்துக் கொடுத்தார்கள். ஆரம்ப நிலையிலேயே மருந்து கொடுத்தால் நல்லதா, காத்திருப்பது நல்லதா என்று பிரெஞ்சு மருத்துவர்கள் 1,500க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து ஆராய்ந்தார்கள். 1998ஆம் ஆண்டு அதன் முடிவு வெளியாயிற்று. உடனே மருந்து உண்டவர்களுக்கு, காத்திருந்தவர்களைவிட ஆயுள் ஒன்றும் கூடவில்லை. மருந்தின் தொல்லைதான் மிச்சம். இந்நோய் கண்டவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் சிகிச்சையே தேவைப்படாமல் போகிறது. தேவைப்படுகிறவர்களுக்கும் 2014ஆம் ஆண்டிலிருந்து வாயால் விழுங்கும் புதிய மாத்திரைகள் வந்துள்ளன. ஆகவே டாக்டர் சொன்ன காத்திருப்பு, கைவிட்ட காத்திருப்பு அல்ல. வயல் வரப்பில் நின்று கண்காணிக்கிற காத்திருப்பு.

வேறு சில புற்றுகளிலும் இப்படி உண்டு. வயதான ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றில் ஒருவகை மிக மெதுவாக வளரும். இங்கிலாந்தில் 1,643 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆபரேஷன், ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு, ஒரு பிரிவுக்குக் கண்காணிப்பு மட்டும் என்று வைத்துப் பார்த்தார்கள். 15 ஆண்டுகளுக்குப் பின் 2023இல் வெளியான கணக்கின்படி, மூன்று பிரிவிலும் 100க்குச் சுமார் 97 பேர் அந்தப் புற்றால் இறக்கவில்லை.

இதை நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லாப் புற்றும் இப்படியல்ல. மார்பில் கட்டி, வாயில் ஆறாத புண், காரணமில்லாத இரத்தப்போக்கு என்றால் ஒரு வாரம் கூடத் தள்ளிப்போடாதீர்கள். காத்திருக்கலாமா கூடாதா என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். நாமே முடிவு செய்யக் கூடாது.

சரி, டாக்டர் காத்திருக்கச் சொன்னார். நான் எப்படிக் காத்திருந்தேன்? இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பீடத்தில் நின்று, நம்பிக்கையோடிருங்கள் என்று உங்களுக்குப் போதித்தவன் நான். முதல் ஓராண்டு நான் நடந்துகொண்ட விதத்தைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

முதலாவது, யாரிடமும் சொல்லவில்லை. ஆயர் ஆண்டகையிடம் மட்டும் சொன்னேன், அதுவும் சொல்ல வேண்டிய கடமை என்பதால். என் உடன்பிறந்த அக்காவுக்குக் கூடச் சொல்லவில்லை. இரண்டாவது, தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று கழுத்தையும் அக்குளையும் விரலால் தடவிப் பார்ப்பேன். நேற்று பட்டாணி அளவு இருந்தது, இன்று கொண்டைக்கடலை அளவோ? இப்படி ஒரு செபமாலை போல் அந்த நெறிக்கட்டிகளை எண்ணினேன். உண்மையான செபமாலை பல நாள் மேசையிலேயே கிடந்தது. மூன்றாவது, வேரோடு அறுத்துவிடுவதாகச் சொன்ன ஒருவரிடம் ஆறாயிரம் ரூபாய்க்குப் பொடி வாங்கி இரண்டு மாதம் சாப்பிட்டேன். வெள்ளை அணுக்கள் குறையவில்லை, ஈரல்தான் கெட்டது. டாக்டர் கேட்டபோது உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. நான்காவது, எந்தக் காரியத்தையும் தொடங்க மனம் வரவில்லை. பொன் விழாவுக்கு மணிக்கூண்டைப் புதுப்பிக்கலாம் என்று பேரவையில் பேச்சு வந்தபோது, "பிறகு பார்க்கலாம்" என்று நான் தட்டிக் கழித்தது சிலருக்கு நினைவிருக்கும். சாமிக்கு அக்கறை இல்லை என்று நினைத்தீர்கள். சாமி, பொன் விழாவுக்கு நான் எங்கே இருக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

நோய் என்னை ஒன்றும் செய்யவில்லை. சோறு இறங்கியது, கால் நடந்தது, குரல் இருந்தது. ஆனாலும் நான் வாழவில்லை. என்றோ ஒருநாள் வரக்கூடிய சாவுக்காக அன்றாடம் துக்கம் கொண்டாடிக்கொண்டிருந்தேன்.

இந்த மயக்கத்திலிருந்து என்னை எழுப்பியவர் இறையியல் பேராசிரியர் அல்ல. நம் பங்கில் வாழும் ஒரு வயதான தாய். பெயர் சொல்ல அவருக்கு விருப்பமில்லை, இன்று இங்கேதான் இருக்கிறார். மாதத்தின் முதல் வெள்ளியன்று வீடு வீடாக நற்கருணை கொண்டு போகும்போது அவர் வீட்டுக்கும் போவேன். மார்பில் புற்று வந்து ஆபரேஷன் ஆகி, பின்பு எலும்புக்கும் பரவி, பல ஆண்டுகளாக மாத்திரையோடு வாழ்கிறவர். அன்று நற்கருணை வாங்கிய பிறகு அடுப்படிக்குப் போய் எனக்குக் காப்பி கொண்டுவந்தார். சுவரில் நம் பங்குக் காலண்டர் தொங்கியது. அதில் ஒரு தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது.

"அது என்னம்மா? பேத்திக்குப் பிறந்த நாளா?" என்றேன்.

"இல்லே சாமி. அன்னைக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவணும். கவலைப்படுறதுக்கு அந்த ஒரு நாளை ஒதுக்கி வச்சிருக்கேன். மத்த நாள்ல எனக்கு வேலை கிடக்கு."

நான் பேசாமல் இருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன புரிந்ததோ தெரியாது. "நாளைக்குச் சமைக்கிறதுக்கு இன்னைக்கே அடுப்பைப் பத்த வச்சா, விறகுதான் சாமி தீந்து போவும்" என்றார்.

அன்றிரவு கோவிலில் தனியே உட்கார்ந்து இந்த வார்த்தையை நினைத்துக்கொண்டிருந்தேன். பாலைவனத்தில் இஸ்ராயேல் மக்களுக்கு ஆண்டவர் மன்னா பொழிந்த வரலாறு உங்களுக்குத் தெரியும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் சேர்க்கச் சொன்னார். நாளைக்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைத்தவர்கள் வீட்டில் அது புழுத்து நாறிற்று. நம் ஆண்டவர் கற்பித்த செபத்திலும் ஒரு மாத உணவைக் கேட்கச் சொல்லவில்லை, அன்றன்றைய உணவைத்தான் கேட்கச் சொன்னார். குருமடத்தில் இதைப் பாடமாகப் படித்துத் தேர்வும் எழுதினேன். அதன் பொருளை ஓர் அடுப்படியில்தான் கற்றுக்கொண்டேன்.

இன்னொரு உவமையும் அன்று எனக்கு விளங்கிற்று. மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் வரும் கோதுமையும் களையும். ஊழியர்கள் ஓடிவந்து, போய்க் களையைப் பறித்துவிடட்டுமா என்று கேட்கிறார்கள். வீட்டுத் தலைவர் வேண்டாம் என்கிறார். களையோடு கோதுமையும் வந்துவிடும், அறுவடை வரை இரண்டும் வளரட்டும் என்கிறார். இங்கே இருக்கும் விவசாயிகளுக்கு இந்த உவமை எப்போதுமே கொஞ்சம் நெருடல்தான். "களை எடுக்காத வயல் கால் வயல்தானே சாமி?" என்று ஒருவர் என்னிடமே கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் வேரோடு வேர் பின்னிக் கிடக்கும்போது, அவசரப்பட்டு இழுக்கிறவன் பயிரையும் சேர்த்து இழுக்கிறான். நான் வாங்கித் தின்ற பொடி அப்படிப்பட்ட அவசரம்தான். ஆண்டவர் இந்த உவமையைச் சொன்னது நோயைப் பற்றி அல்ல, நானும் அப்படித் திரிக்க வரவில்லை. ஆனால் அந்த வயலில் களை இருக்கும்போதே கோதுமையும் வளர்ந்துகொண்டிருந்தது என்பதை நான் அதுவரை கவனித்ததில்லை. என் கண் முழுவதும் களையிலேயே இருந்தது.

அன்பார்ந்தவர்களே, இந்த நான்கு ஆண்டுகளில் நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றைச் சில குறிப்புகளாகச் சொல்கிறேன். நீண்ட நாள் நோயோடு வாழும் எவருக்கும் இவை உதவும்.

முதலாவது, பரிசோதனைத் தேதியைத் தவறவிடாதீர்கள். எல்லா ரிப்போர்ட்டுகளையும் ஒரே பைலில், தேதி வரிசையில் வையுங்கள். ஒரு தடவை எடுத்த எண்ணைவிட, அது போகும் திசைதான் டாக்டருக்கு முக்கியம். என் நோயில் வெள்ளை அணு கூடியது என்பதற்காக மட்டும் மருந்து தொடங்குவதில்லை. இரத்தச் சோகை, தட்டணுக் குறைவு, பெரிதாகும் நெறிக்கட்டி, இரவில் படுக்கை நனையும் வியர்வை, ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்கு எடை குறைவு, தீராத களைப்பு ஆகியவற்றையும் பார்க்கிறார்கள். இந்த அடையாளங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவை வந்தால் தேதிக்குக் காத்திராமல் போங்கள். வராவிட்டால் கண்ணாடி முன் நிற்காதீர்கள்.

இரண்டாவது, காய்ச்சலை அலட்சியம் செய்யாதீர்கள். இத்தகைய இரத்த நோயில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைகிறது. வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். 100.4 டிகிரியைத் தாண்டினால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றி டாக்டரைக் கேளுங்கள். உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகள் எங்களைப் போன்றோருக்கு ஆகாது. ஊசி போடுமுன் நோயைச் சொல்லிவிட வேண்டும். அக்கி வந்தால், அக்கி எழுதிக்கொள்வது நம் ஊர் வழக்கம். எழுதுகிறவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மூன்று நாளுக்குள் டாக்டர் தரும் மாத்திரையைத் தொடங்கினால்தான் நல்ல பலன். முதலில் அங்கே போங்கள்.

மூன்றாவது, வேரோடு அறுப்பேன் என்பவரிடம் ஏமாறாதீர்கள். என் கதையைச் சொல்லிவிட்டேன். வேளாங்கண்ணிக்குப் போங்கள், நானும் போகிறேன். நேர்ச்சை செலுத்துங்கள். ஆனால் மாதாவிடம் போனதால் மருத்துவரிடம் போக வேண்டாம் என்று எந்த மாதாவும் சொல்லவில்லை. மருத்துவரை மதிக்க வேண்டும், அவரையும் ஆண்டவரே உண்டாக்கினார் என்று சீராக் ஆகமம் 38ஆம் அதிகாரம் போதிக்கிறது. பணத்துக்கு வழியில்லை என்று வீட்டிலேயே கிடக்க வேண்டாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. சிகிச்சைக்கும் பரிசோதனைக்கும் போகும் புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயில் கட்டணச் சலுகை இருக்கிறது. படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நம் வின்சென்ட் தே பவுல் சபையினர் உதவுவார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வேதனையில் பிறந்த உறுதிதான், 1954ஆம் ஆண்டு 12 படுக்கைகளோடு அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை. டாக்டர் சாந்தா 1955 முதல் 2021இல் இறக்கும் வரை அங்கேயே உழைத்தார். ஏழைக்கும் வைத்தியம் உண்டு என்று இத்தனை பேர் வாழ்நாளைக் கொடுத்திருக்க, நாம் பொடிக்காரரைத் தேடிப் போகலாமா?

நான்காவது, அன்றாட வேலையை விடாதீர்கள். முடிந்த வரை நடங்கள். எனக்குத் தனிப் பத்தியம் எதுவும் டாக்டர் சொல்லவில்லை. நன்றாக வேகவைத்த உணவு, காய்ச்சிய நீர், நேரத்தில் தூக்கம், அவ்வளவுதான். களைப்பு வந்தால் அது சோம்பல் அல்ல, நோயின் ஒரு பகுதி. மதியத்தில் நான் அரைமணி நேரம் படுப்பது இனி உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். அந்த நேரத்தில் பாப்டிசம் சர்டிபிகேட் கேட்டுக் கதவைத் தட்டாதீர்கள்.

ஐந்தாவது, யாரிடமாவது சொல்லுங்கள். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் ஒருவர், வெளியில் ஒருவர் போதும். இதைச் சொல்லும்போது என் மனம் கனக்கிறது. முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் நேரம் என்பதற்காக ஒரு தாய் தம் நோயை மறைத்தார். ஆஸ்பத்திரி வாசலில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பரிசோதனைக்குப் போவதையும் நிறுத்தினார். கலியாணம் நல்லபடி நடந்தது. அந்த மகளின் முதல் பிள்ளையைப் பார்க்க அவர் இல்லை. அவர் நோயும் மெல்ல வளர்வதுதான். நோய் அவரைக் கொன்றது பாதி, நம் வாய் கொன்றது பாதி.

ஆகையால் நோயில்லாதவர்களிடமும் சில வார்த்தை. புற்றுநோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. அவர் குடித்த டம்ளரில் குடிக்கலாம், தோளில் கை போடலாம். பெரும்பாலான புற்றுகள் பரம்பரையாக வருவதும் இல்லை. ஆகவே பெண் எடுக்கவும் கொடுக்கவும் இதை ஒரு காரணமாக்காதீர்கள். நோயாளியைப் பார்க்கப் போனால், "இப்படித்தான் எங்க சித்தப்பாவுக்கும் வந்து ஆறே மாசத்துல..." என்று தொடங்காதீர்கள். "பார்த்தா நோயாளி மாதிரியே தெரியலையே" என்று சந்தேகப்படவும் வேண்டாம். மெல்ல வளரும் நோயாளியின் பெரிய தொல்லையே இதுதான். படுத்தால்தான் நோயாளி என்று உலகம் நம்புகிறது. என்ன பாவம் செய்தாரோ என்று மட்டும் ஒருபோதும் கேட்காதீர்கள். பிறவிக் குருடனைப் பற்றிச் சீடர்கள் இதே கேள்வியைக் கேட்டபோது நம் ஆண்டவர் என்ன சொன்னார் என்பதை அருளப்பர் 9ஆம் அதிகாரத்தில் போய்ப் படியுங்கள். அவன் செய்த பாவமும் அல்ல, பெற்றோர் செய்த பாவமும் அல்ல என்று அவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார்.

ஆறாவது, செபம். குணமாக்கும் ஆண்டவரே என்று கேளுங்கள், தப்பில்லை. புனித சின்னப்பர் தம் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை மன்றாடியதாகக் கொரிந்தியருக்கு எழுதுகிறார். முள் போகவில்லை. அதோடு வாழ அருள் கிடைத்தது. முள்ளோடு அவர் நடந்த நடையில்தான் எத்தனை சபைகள் உருவாயின! திருத்தந்தை இருபத்துமூன்றாம் அருளப்பருக்கு வயிற்றில் புற்று இருப்பது 1962 செப்டம்பரில் தெரியவந்தது. அது மெல்ல வளரும் புற்று அல்ல. அடுத்த மாதம் 11ஆம் நாள் அவர் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத் தொடங்கி வைத்தார். 1963 ஏப்ரலில் உலக சமாதானத்தைப் பற்றிய தம் திருமடலை வெளியிட்டார். ஜூன் 3ஆம் நாள் இறந்தார். எனக்கு நாளில்லை, பிறகு பார்க்கலாம் என்று அவர் சொல்லியிருந்தால் இன்று நாம் தமிழில் திருப்பலி காண்போமா என்று எண்ணிப் பாருங்கள். மணிக்கூண்டு வேலையைப் பிறகு பார்க்கலாம் என்ற எனக்கு இது நல்ல சூடு. சென்ற ஆண்டு நாம் அந்த வேலையைத் தொடங்கியதற்கு இப்போது காரணம் புரிந்திருக்கும்.

இறுதியாக, நோயில் பூசுதல் என்னும் தேவதிரவிய அனுமானத்தைப் பற்றி. நம் பெரியவர்கள் இதை அவஸ்தைப் பூசுதல் என்றார்கள். சாமி எண்ணெயோடு வந்தால் கதை முடிந்தது என்று இன்றும் பலர் பயப்படுகிறார்கள். நோயாளி நினைவிழக்கும் வரை காத்திருந்துவிட்டு, நள்ளிரவில் வந்து கதவைத் தட்டுகிறீர்கள். 1963ஆம் ஆண்டு வத்திக்கான் சங்கம், இது சாகிற நேரத்துக்கு மட்டும் உரியதல்ல என்று தெளிவாக்கியது. திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1972ஆம் ஆண்டு இதன் சடங்கைப் புதுப்பித்தார். கடும் நோய் கண்டவர்கள், பெரிய ஆபரேஷனுக்குப் போகிறவர்கள், முதுமையால் தளர்ந்தவர்கள் யாவரும் பெறலாம். நோய் மோசமானால் மறுபடியும் பெறலாம். யாகப்பர் தம் திருமுகத்தில், உங்களில் நோயுற்றவர் மூப்பர்களை அழைக்கட்டும் என்ற பொருளில்தான் எழுதுகிறார். அழைக்கிறவர் நினைவோடு இருக்கிறவர் அல்லவா?

இப்போது நான் ஏன் இன்று இதைச் சொன்னேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சென்ற பரிசோதனையில் என் வெள்ளை அணுக்கள் 61 ஆயிரம். தொடக்கத்தில் 13.8 இருந்த ஹீமோகுளோபின் 11.9க்கு வந்திருக்கிறது. இன்னும் காத்திருக்கலாம் என்றுதான் டாக்டர் சொன்னார். அடுத்த பரிசோதனை வருகிற செவ்வாய்க்கிழமை. இன்னும் இறங்கியிருந்தால் சிகிச்சையைப் பற்றி யோசிக்க வேண்டி வரலாம். அப்படியானால் சில ஞாயிறுகளில் பீடத்தில் வேறொரு குருவைப் பார்ப்பீர்கள். அன்று தெருவில் நின்று ஆளுக்கொன்று பேச வேண்டாம் என்பதற்காகவே இன்று நானே சொன்னேன். எனக்குப் பயமே இல்லை என்று சொன்னால் பொய். சில இரவுகளில் இன்னும் விழித்துக்கொள்கிறேன். ஆனால் என் அறையிலும் ஒரு பங்குக் காலண்டர் தொங்குகிறது. அதில் செவ்வாய்க்கிழமையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன். இன்று புதன்கிழமை. இன்றைக்கு எனக்கு வேலை கிடக்கிறது.

இதைத் தொடர்ந்து நடக்கும் திருப்பலியில் நோயில் பூசுதல் கொடுக்கப்படும். சர்க்கரை நோய் முற்றியவர்கள், இதய நோயாளிகள், சிறுநீரகத்துக்கு டயாலிசிஸ் செய்கிறவர்கள், புற்றோடு வாழ்கிறவர்கள், எல்லாரும் கூச்சமின்றி முன்னால் வாருங்கள். ஒரு குரு தமக்குத் தாமே பூசிக்கொள்ள முடியாது. ஆகையால் பக்கத்துப் பங்கின் சாமியை வரவழைத்திருக்கிறேன். அவரிடம் வரிசையில் முதலில் நெற்றியையும் கைகளையும் நீட்டப் போகிறவன் நான். என் பின்னால் வாருங்கள்.

லூர்து அன்னை நம் எல்லாருக்காகவும் மன்றாடுவாராக. ஆண்டவர் நம் ஒவ்வொரு நாளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.